இமைக்குள் சிவப்பைத் தேடிய கைகளுக்கு

அன்னவாசல் தாய்சேய் விடுதியில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தாதியாய்த் தொண்டாற்றி ஓய்வுபெறும் திருமதி செபமாலை அம்மாள் அவர்களுக்கு, உடனுழைத்தோர் கனத்த நெஞ்சோடு படித்தளிக்கும் மடல்

கருவுற்றோர் காவலே! கனிவின் கருவூலமே!

மாலையும் மேளமும் மலர்ந்த முகமும் பொருந்தும் நாள் இது என்பார்கள். எங்களுக்கோ முகம் மலரவில்லை.

வரப்பிலும் வண்டித்தடத்திலும் மழைச் சேற்றிலும் நடந்து, வீடுதோறும் ஏறி, சோகை பிடித்த சூலிகளைத் தேடிய தாயே! கைராசிக்காரி என்று கும்பிட்ட வீடுகளும் உண்டு. கண்வைக்க வந்தவள் என்று கதவடைத்த வீடுகளும் உண்டு. இரண்டிற்கும் மறுநாள் மருந்தோடு போனீர்கள்.

நீங்கள் இங்கு வந்த மறு ஆண்டு, காத்தாயிக்கு ஒன்பதாம் மாத வளைகாப்பு. மாமியார் முத்தாள் பூரித்துச் சொன்னார்:

"பாத்தீங்களா நர்சம்மா, கரிக்கட்டையா வந்த மருமக இப்ப எப்புடி வெளுத்துட்டா! பேரப்பிள்ளை செவப்பாத்தான் பொறக்கும்."

நீங்கள் காத்தாயியின் கீழிமையை மெல்ல இறக்கினீர்கள்.

"ஆத்தா, இது நெறமில்ல, சோகை. இமைக்குள்ள செவப்பே இல்ல பாருங்க. மொகம் பூரிக்கல, வீங்கியிருக்கு. இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்கு வண்டி கட்டுங்க, ரத்தம் ஏத்தணும்."

"நல்ல நாளும் அதுவுமாக் கண்ணு வைக்காதீங்க!"

"என் கண்ணை விடுங்க. அவ கண்ணைப் பாருங்கன்னுதானே சொல்றேன்!"

வண்டி கட்டவில்லை. நீங்கள் கொடுத்த இரும்புச்சத்து மருந்தையும், குடித்தால் பிள்ளை கருத்துவிடும் என்று சந்தில் ஊற்றிவிட்டார்கள். வலி கண்டபின்தான் கொண்டுவந்தார்கள். பெண்குழந்தை பிழைத்தது. மற்றப் பெண்கள் தாங்கிக்கொள்ளும் உதிரப்போக்கு காத்தாயியைக் கொண்டுபோயிற்று.

மார்பில் அறைந்துகொண்டு விழுந்த முத்தாளைத் தூக்கி நிறுத்தினீர்கள். "அப்பவே சொன்னேனே" என்ற சொல் அன்றும் வரவில்லை, என்றும் வரவில்லை. அதற்காகவே உங்களைப் போற்றுகிறோம், பொறுமையின் பெருமாட்டியே!

இப்போது உங்கள் கண்களில் புரை. சென்ற வாரம் முத்தாள் வந்தார், காத்தாயி விட்டுப்போன மகள் சொர்ணவல்லியை எட்டு மாத வயிற்றோடு கைப்பிடித்து.

"நீங்க போறதுக்குள்ள இவ கண்ணை ஒருக்காப் பாத்துருங்கம்மா."

இமையை இறக்கினீர்கள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"எனக்கு எல்லாம் புகையா இருக்கே ஆத்தா. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

முத்தாள் குனிந்து பார்த்தார்.

"வெளுத்திருக்கும்மா" என்றார்.

அன்றே வாடகைக் கார் பிடித்தார்கள். சொர்ணவல்லி புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள், ரத்தம் ஏறுகிறது. இம்மடல் எழுதும் வரை நல்ல சேதியும் இல்லை, கெட்ட சேதியும் இல்லை.

அம்மா! பொன்னாடை போர்த்தும்போதும் உங்கள் முகம் வாசலை நோக்கியே இருக்கும் என்பதை அறிவோம். எங்கள் முகங்களும் அங்கேதான் திரும்பியிருக்கின்றன. உங்கள் கண்புரை நீங்குக! அந்தப் பெண்ணின் இமைக்குள் சிவப்பு ஊறுக! அதை நீங்களே கண்ணாரக் காணும் நாள்வரை, அதற்கப்பாலும் நெடுநாள், நலமாக வாழ்க!

உங்களைப் பிரிய மனமில்லாத
விடுதிப் பணியாளர்கள்
அன்னவாசல், 1967