முதுகுத்தண்டுக்கு இங்கிலீஷ்

— அந்த ஹீப்ரு ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைப் போன்ல போட்டுப் பாத்தேன் அண்ணி. "மரம் வச்ச சாலையின் நூலில் அடி"ன்னு வருது. நான் சாரத்துலேர்ந்து விழுந்தேனா, இல்ல ரோட்டுல துணி தைச்சேனா?

— ஹீப்ருவுல முதுகெலும்புக்கும் மரம் வச்ச சாலைக்கும் ஒரே எழுத்துடா தம்பி. நமக்குத் தண்டுவடம், அவங்களுக்கு அது நூல். இங்கிலீஷ்ல ஸ்பைனல் கார்டு. டைப் அடிச்சாச்சு. ஆடாம படு.

— இடுப்புக்குக் கீழே ஆடினா உங்களுக்கு ஏன் இந்த வேலை?

— வாய்க்கு ஒரு குறையும் இல்ல! அடுத்தது 'ஷிதூக்', பாரலிசிஸ். மௌனம்ங்கற வார்த்தையோட கூடப்பிறந்தது.

— என் உடம்புல மௌனமா இருக்கறது அந்த ரெண்டு காலுந்தான். நீங்க அந்த ஹீப்ரு நாட்டுல பன்னெண்டு வருஷம் நர்ஸா இருந்தது வீண்போகல. நான் அங்க வேலையில கத்துக்கிட்ட ஹீப்ரு ஏணி, சிமெண்ட், சீக்கிரம். அந்த ஆஸ்பத்திரியில சொன்னது ஒண்ணும் புரியல. நாளைக்கு இங்க டாக்டர் உங்க இங்கிலீஷைப் படிச்சாத்தான் நடப்பேனா மாட்டேனான்னு தெரியும்... ஏன் நிறுத்திட்டீங்க?

— பேனா எழுதல.

— லேப்டாப்புக்குப் பேனாவா? சொல்லுங்க அண்ணி.

— இந்தப் பக்கத்தோட முதல் வார்த்தை 'ஷ்லேமா'. முழுமையானது.

— முழுமைன்னா நல்லதுதானே?

— மத்ததுக்கெல்லாம் நல்லதுதான்டா. தண்டுவடக் காயத்துக்கு இல்ல. காயம் முழுசுன்னா, மூளை சொல்றது கீழே ஒரு சொட்டுகூட இறங்காது. இதை நான் எந்தக் கையால அடிப்பேன்?

— அழாதீங்க. முந்தின பக்கம் எப்படி முடியுது?

— மாத்திரை லிஸ்ட்.

— மாத்திரைக்கு அப்புறம் திடீர்னு 'முழுமையானது'ன்னா? மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா? இதை ஜெராக்ஸ் எடுத்த கடைக்காரர் எந்த ஓரத்துல பின் அடிச்சிருக்கார்?

— இடது ஓரத்துல... அட கடவுளே! இது வலதுலேர்ந்து படிக்கிற மொழி! அவர் இங்கிலீஷ் மாதிரின்னு நினைச்சுப் பக்கங்களை முன்னும் பின்னுமா மாத்தி அடுக்கிட்டார், நானும் மக்கு மாதிரி அப்படியே புரட்டிட்டேன். இரு, பின்னைப் பிடுங்கறேன்... இதோ, இதுதான் நிஜமான முந்தின பக்கம். கடைசி வரியில 'பெகியா', காயம். அப்புறம் ஓரத்துல 'லோ'.

— லோன்னா?

— 'இல்லை'டா! முழுமை இல்லை! வழி முழுசா அடைபடல, கொஞ்சமாவது ஏதோ போகுதுடா!

— அப்போ... நாலு நாளா இடது கால் கட்டைவிரல்ல எறும்பு கடிக்கற மாதிரி இருக்கு அண்ணி. பிரமைன்னு நினைச்சு யார்கிட்டயும் சொல்லல.