மீனைக் கூப்பிட இருபது டாலர்

— போர்டுல என்ன எழுதியிருக்கோ அதுதான் தாயி. அடியில கண்ணாடி வெச்ச படகு, போக வர, தலைக்கு இவ்வளவு. அதுக்கு மேல ஒரு காசு வாங்கக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது. நெஞ்சுல பாருங்க, லைசென்ஸ் பட்டை குத்தி விட்டிருக்காங்க.

— பட்டையப் பாத்தாச்சு, டிக்கெட்டும் வாங்கியாச்சு. நான் கேட்டது சவாரி இல்ல, பெரியவரே. மீனைக் கூப்பிடறதுக்கு எவ்வளவு?

— எந்த மீனை?

— மோதிரம் போட்ட களவா மீனை.

— அப்படி ஒரு மீன் டொபேகோ கடல்லயே கிடையாது.

— எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசுல இருந்துச்சே! இதே ஸ்டோர் பே. இதே லெமுவேல், நீங்கதான். படகு மட்டும் அப்ப பச்சை.

— ஓ, அந்தப் பச்சைப் படகா? அது ஒரு புயல்ல பறந்து போயி, கிரெனடாத் தீவுல ஒரு சர்ச் மேல உக்காந்துக்கிச்சு. எறக்க முடியல. இன்னிக்கும் அதுக்குள்ளதான் மணி கட்டி அடிக்கிறாங்க. கடல் சாட்சி.

— பெரியப்பா! எனக்கு இங்க கேக்குது!

— அது மார்வா, என் தம்பி மக. டிக்கெட் கிழிக்கிறா. எங்க வீட்டுப் பொண்ணுதான், காது மட்டும் ஆபீசோடது.

— அம்மா, அவரு வாயைக் கிளறாதீங்க. போன சீசன்ல ஒரு ஜெர்மன்காரரு, மீன் வரலைன்னு ரெண்டு மணி நேரம் படகை விட்டு எறங்க மாட்டேன்னுட்டாரு.

— ரெண்டு நாள் மார்வா. அவருக்குச் சோறெல்லாம் நீந்திப் போயி குடுத்தோம்.

— ரெண்டு மணி நேரம்! அப்பறம் போன்ல எழுதிட்டாரு, ஸ்டோர் பேயில ஏமாத்துறாங்க, யாரும் போகாதீங்கன்னு. உலகம் பூராப் படிச்சிருக்கு. இன்னொரு புகார் வந்தா பட்டையைப் புடுங்கிடுவாங்கம்மா. அப்பறம் இவரு நாள் பூரா வீட்டுல உக்காந்து எங்ககிட்டதான் கதை சொல்லுவாரு.

— கேட்டீங்களா தாயி? படகுல ஏறி உக்காருங்க, பத்துப் பேரு சேந்ததும் கெளம்பிடலாம். பவளப்பாறை பாக்கலாம், கிளிமீன் பாக்கலாம். எல்லாம் நெசம். பாக்கவே சலிப்பா இருக்கும்.

— பெரியவரே, நான் யாருன்னு தெரியல உங்களுக்கு. எங்க ஊரு சான் ஃபெர்னாண்டோ மார்க்கெட்ல போயி சுமிந்த்ரா ரூப்நரைன்னு சொல்லிப் பாருங்க. பூசணிக்காய்க்காரன் விலையப் பாதியாக்கிட்டுத்தான் நிமிந்து பாப்பான். இன்னிக்குக் கப்பல்ல இருந்து எறங்கினதும் டாக்சிக்காரனுங்க சுத்திக்கிட்டானுங்க. நான் பஸ்ல வந்தேன். நாற்காலி வாடகைன்னான் ஒருத்தன், துண்டை விரிச்சு உக்காந்தேன். குடை வாடகைன்னான், என் தொப்பியக் காட்டினேன். அந்த நண்டும் மாவுருண்டை டம்ப்ளிங்கும் விக்கிறாளே, அந்த விலைக்கு நண்டு எனக்குக் காலும் அமுக்கி விடணும். வீட்டுலருந்து தால்பூரி ரொட்டி கட்டிக்கிட்டு வந்துட்டேன்.

— அப்பறம் என்ன, ஏமாறாம ஊரு போய்ச் சேரலாமே.

— நான் ஏமாறத்தான் வந்திருக்கேன்.

— அது இப்ப இல்ல தாயி. நிறுத்திட்டோம்.

— வெளையாடாதீங்க. அந்தக் கதை எனக்கு வேணும். முழுசாக்கூட வேண்டாம், முடிவு மட்டும் போதும்.

— முடிவை மட்டும் தனியா விக்கிறதில்ல. அப்பவே கேட்டிருக்கலாமே?

— அப்ப எங்க கேட்டேன்? நீங்க சொல்லிக்கிட்டு வர்றீங்க, அந்த ஆளு குனிஞ்சு கண்ணாடி வழியா கடலைப் பாத்தான்னு. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, மீனைக் கூப்பிடறதுக்குன்னு எங்க வீட்டுக்காரரு பேரம் பேசாம இருபது டாலர் குடுத்திருக்காருன்னு. புதுப்பொண்ணு நான். எந்திரிச்சு நின்னுட்டேன். மீனுக்குக் கூப்பிடு கூலியா, அது என்ன ஆஸ்பத்திரி டாக்டரான்னு கத்தினேன். படகு ஆடிச்சு. எல்லாரும் உக்காரு உக்காருன்னு கூச்சல். கதை அதோட போச்சு.

— மீனும் பயந்துருக்கும்.

— அதுக்கப்பறம் எங்க வீட்டுல எந்த விசேஷம் நடந்தாலும் என் புருஷன் ரூப் இந்தக் கதைய எடுப்பாரு. கரும்பு லாரி ஓட்டுற மனுஷன், பேச்சு சும்மா லோடு இல்லாத லாரி மாதிரி ஓடும். சரியா அந்த எடத்துக்கு வருவாரு, 'குனிஞ்சு பாத்தான்...'ம்பாரு. நான் சமையக்கட்டுல இருந்தாலும் கத்துவேன், 'இருபது டாலர்!' எல்லாரும் சிரிப்பாங்க. அவரும் சிரிச்சிட்டு நிறுத்திடுவாரு. அதுதான் எங்க வீட்டுல அந்தக் கதைக்கு முடிவு.

— நல்ல முடிவுதானே. என்னோடதை விட நல்லாருக்கு.

— போன கார்னிவல் முடிஞ்ச மறுவாரம் போய்ச் சேந்துட்டாரு. துக்கத்துக்கு வந்த சனம் ராத்திரி முழிச்சு உக்காந்திருந்துச்சு. என் கொழுந்தன் சும்மா இருக்க மாட்டாம இந்தக் கதைய ஆரம்பிச்சான். குனிஞ்சு பாத்தான்னு அந்த எடத்துல வந்து நிறுத்திட்டான். எல்லாரும் என்னையே பாக்குறாங்க, நான் கத்துவேன்னு. வாயத் தொறந்தேன் பெரியவரே. சத்தம் வரல. மேல சொல்லுடான்னேன். எனக்குத் தெரியாதே அண்ணின்னான். அங்க இருந்த ஒருத்தருக்கும் தெரியல. எப்படித் தெரியும்? நான்தான் ஒரு தடவையும் சொல்ல விடலையே.

— மார்வா, எத்தனை பேரு வந்தாச்சு?

— ஆறு பேரு பெரியப்பா. எதுக்குக் கேக்குறீங்க? எதுக்குக் குரலை எறக்குறீங்க?

— தொண்டை கட்டிக்கிச்சும்மா! ... தாயி, இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. நான் கயிறு சுத்துற மாதிரி இருக்கேன். நாப்பது டாலர்.

— நாப்பதா? இருபது டாலர் மீனு அது!

— அப்ப அது குட்டி. பெட்ரோல் என்ன விலை விக்குதுன்னு மீனுக்கும் தெரியும்.

— மீனுக்கு எதுக்குய்யா பெட்ரோல்? பத்து தர்றேன்.

— பத்துக்கு மீனோட வாலுதான் வரும். முப்பது.

— என்கிட்டயா? எந்திரிச்சிடுவேன், படகு ஆடும், சொல்லிட்டேன்.

— இப்பத்தான் ஆளு அடையாளம் தெரியுது! உக்காருங்க, உக்காருங்க. இருபது. எடுங்க, தொப்பிக்குள்ள போடுங்க. மார்வா பாக்காம.

— இந்தாங்க. சுருக்காம சொல்லணும்.

— எங்க பாட்டன் காலம். இந்தக் கரையில ஒருத்தன் இருந்தான், புதுசாக் கல்யாணம் ஆனவன். ஒரு நாள் சந்தைக்குப் போனான், ஒரு தேங்காய்க்கு ரெண்டு தேங்காய் விலையக் குடுத்துட்டு வந்து நின்னான். பொண்டாட்டிக்கு வந்துச்சே கோவம். மோதிரத்தைக் கழட்டிக் கடல்ல எறிஞ்சா.

— எறிஞ்சது நியாயம்.

— எறிஞ்சது நியாயம், எறிஞ்ச கைக்கு அழுகையும் வந்துச்சு. மோதிரத்தை ஒரு களவா மீன் கவ்வி உதட்டுல மாட்டிக்கிச்சு. அவன் என்ன செஞ்சான்? வீட்டு ஜன்னலைப் பேத்தான். படகு அடியை அறுத்து, ஜன்னல் கண்ணாடியைப் பதிச்சான். உலகத்துல மொத மொத கண்ணாடிப் படகு அதுதான். பவளப்பாறையப் பாக்கன்னு யாரும் செய்யல. பொண்டாட்டி மோதிரத்தைத் தேடச் செஞ்சது. கடல் சாட்சி.

— இதெல்லாம் எனக்குத் தெரியும். குனிஞ்சு பாத்தான்...

— குனிஞ்சு பாத்தான்.

— ...

— என்ன தாயி, கத்தலையா? நான் அதுக்காகத்தான் நிறுத்தினேன்.

— சொல்லுங்கய்யா.

— மொத நாள் ஒண்ணும் இல்ல. ரெண்டாம் நாள் பொண்டாட்டியும் கூட வந்தா. இவனுக்குத் தேடத் தெரியாதுன்னு. ரெண்டு பேரும் கண்ணாடிக்கு எதிரெதிரா முட்டி போட்டுக் குனியுறாங்க, நெத்தியும் நெத்தியும் இடிக்குது. ஒரு வாரமா வீட்டுல பேசாதவ, இங்க வாய் ஓயல. அங்க பாரு, இங்க பாரு, படகைத் திருப்பு, நீ எதுக்கும் லாயக்கில்லன்னு. அப்ப வந்துச்சு மீன். அவன் பக்கமா, கண்ணாடிக்குக் கீழயே. உதட்டுல மோதிரம். குதிச்சா எடுத்துடலாம்.

— எடுத்தானா?

— அவ தலைய நிமித்தாம கேட்டா, ஏதாச்சும் தெரியுதான்னு. அவன் மீனையே பாத்துக்கிட்டு சொன்னான், ஒண்ணும் தெரியல, நாளைக்குப் பாக்கலாம்னு.

— என்னன்னு சொன்னான்?

— நாளைக்குப் பாக்கலாம்னு. மறுநாளும் வந்தாங்க. அதுக்கு மறுநாளும். தலை நரைச்சப்பறமும் வந்தாங்க. மீனும் வந்து மோதிரத்தைக் காட்டிட்டுப் போகும். அவன் நாளைக்குப் பாக்கலாம்பான். அவ்வளவுதான் தாயி, கதை.

— நாளைக்குப் பாக்கலாம்... அது எங்க வீட்டுக்காரரு வார்த்தையாச்சே.

— ஊர்ல எல்லாரும் சொல்ற வார்த்தைதான்.

— இல்ல. குழாய் ஒழுகுதுன்னா நாளைக்குப் பாக்கலாம். கூரை ஒழுகுதுன்னா நாளைக்குப் பாக்கலாம். ஆஸ்பத்திரியில கடைசியா, வலிக்குதாங்கன்னு கேட்டேன், அதுக்கும் அதையேதான் சொன்னாரு. இது உங்க கதை இல்ல பெரியவரே. உங்க கதையில படகு சர்ச் மேல உக்காரும். இந்த மாதிரி மனுஷங்க முட்டி போட்டு உக்கார மாட்டாங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க.

— பெரியப்பா! பத்துப் பேரு ஆச்சு! ஏத்துங்க!

— கயிறு சிக்கிக்கிச்சு மார்வா! ரெண்டு நிமிஷம் அவங்களுக்குக் கடலைக் காட்டு!

— கடலை அவங்களே பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க!

— பெரியவரே.

— நீங்க படகேறுனதுக்கு மொத நாள் சாயங்காலம் உங்க ஆளு தனியா வந்தாரு தாயி. கவுத்துப் போட்ட படகு மேல உக்காந்து, உன்கிட்ட என்னென்ன கதை இருக்குன்னு கேட்டாரு. நான் மூணு சொன்னேன். ஒண்ணும் எடுபடாதுய்யா, என் பொண்டாட்டி முன்னாடி ஒண்ணும் நிக்காதுன்னாரு. அப்பறம் அவரே ஒண்ணு சொன்னாரு. ஒரு தேங்காய்க்காக அன்னிக்குக் காலையில உங்களுக்குள்ள ஏதோ சண்டையாம்.

— ஒரு தேங்காய்க்கு ரெண்டு தேங்காய் விலை குடுத்தாரு! கப்பல்துறையில! நான் நாள் பூரா முகம் குடுத்துப் பேசல...

— அதான். நான் சொன்னா காதுலயே வாங்க மாட்டா, நீ சொல்லுன்னாரு. சரி, சும்மாவே சொல்லிடறேன், புதுசாக் கல்யாணம் ஆனவங்கன்னேன். ஐயையோ, சும்மா சொல்லிடாத, இருபது டாலர்னு அவளுக்குத் தெரியுற மாதிரி வாங்கு, காசு குடுத்ததுன்னா கடைசி வரைக்கும் கேட்டுத்தான் விடுவா, வசூல் பண்ணாம எந்திரிக்க மாட்டான்னாரு.

— எந்திரிச்சுட்டேனே.

— எந்திரிச்சுட்டீங்க. அவரு முகத்தை நான் பாத்தேன். அப்படி ஒரு சிரிப்பு. கரைக்கு வந்ததும் உங்களைப் பஸ்ல ஏத்திட்டு ஓடி வந்தாரு. மன்னிச்சிருங்க சார், கதை பாதியில போச்சு, காசைத் திருப்பித் தரட்டுமான்னேன். வேண்டாம்யா, முடிவு என்கிட்ட இருக்கட்டும், என்னிக்காவது கேப்பா இல்ல, அன்னிக்குச் சொல்லிக்கிறேன்னாரு. போயிட்டாரு. நான்தான் ஜெர்மன்காரன் வரைக்கும் அதையே சொல்லிப் பொழச்சேன். அவரு முடிவை மட்டும் யாருக்கும் விக்கல, நானாக் கட்டின முடிவுல மீனைப் புடிச்சுக் கறி வெச்சிருவோம். ஐயோ தாயி, கண்ணைத் தொடைங்க. சனம் ஏறுது. மார்வா பாத்தா நான் அழ வெச்சேன்னு அதுக்கும் ஒரு புகார் எழுதுவா.

— இருங்க. நெசமாத்தான் சொல்றீங்களா, இல்ல கெழவி அழுவுறாளேன்னு இப்ப ஒண்ணு கட்டுனீங்களா?

— கதையா இருந்தா வாயத் தொறக்கும்போதே விலை சொல்லியிருப்பேனே, தாயி.