நான்காவது பைலட்

அன்றைக்குக் கேன்டீனில் எலுமிச்சைச் சாதம். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் மெஷினுக்குப் போனேன். இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. ஆத்திரத்தில் செய்துவிட்டான் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

என் பெயர் யேசுதாஸ். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மோல்டு, அதாவது பிளாஸ்டிக் வார்க்கும் எஃகு அச்சு, செதுக்குகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் வாங்கி ஒட்டும் பழைய போர் விமான பொம்மைகள் அங்கே தயாராகின்றன. இறக்கை, சக்கரம், கட்டைவிரல் அளவில் ஒரு பைலட். அந்தப் பைலட்டாக என் மகன் அன்புவைச் செதுக்கினேன். ஏர்ஃபோர்ஸில் சேரத் துடித்தவன். செலக்‌ஷனுக்குப் போன அன்று கவரைப்பேட்டை கிட்டே லாரி அடித்துச் செத்துப்போனான். அந்த மோல்டில் பைலட்டுக்கு நாலு குழி; அதற்கப்புறம் அது திறக்கும்போதெல்லாம் நாலு அன்பு வந்து விழுவான். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு, பைலட் வேண்டாம் என்று வாங்குகிற பார்ட்டி சொல்லிவிட்டான். மோல்டிலிருந்து அவனை வழித்தெடுக்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். என் கூட்டாளி பீட்டரிடம் கிரைண்டரைக் கொடுத்தார்கள்.

மெஷினுக்குள் போகிறவன் யாரும் மெஷினை ஓட்டிவிடாதபடி மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சட்டைப் பையிலிருந்து எது விழுந்தாலும் மோல்டு கீறிவிடும். அதனால் சாவியைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் எல்லோரும் போவோம். பீட்டரும் என்னிடம் கொடுத்தான்.

மூன்று பைலட்டுகளை வழித்தான். நான்காவதற்குக் குனிந்தபோது பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். மெஷின் கதவை இழுத்துச் சாத்தினேன்; அது மூடினால்தான் மோல்டு நகரும்.

"இன்னாண்ணா கதவ சாத்துற? உள்ள கீறேன்."

"தெரியும்" என்று சொல்லி பட்டனை அழுத்தினேன்.

மோல்டின் மறுபாதி எஃகு மெதுவாகத்தான் மூட வரும். இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தான். இருநூறு டன் அழுத்தம். முதலில் முழங்கைகள் ஒடிந்தன, பிறகு விலா. திறந்தபோது வாய் அசைந்தது. மறுபடி மூடினேன். இந்தத் தடவை தலை நடுவில் இருந்தது. நான் நினைத்ததைவிடச் சின்னச் சத்தம்தான். அப்புறம் துணி எடுத்து, நான்காவது பைலட்டின் மேலிருந்த ரத்தத்தைத் துடைத்தேன்.

நேற்று என் மனைவி ஞானம்மாவிடம் அந்தப் பைலட் பொம்மை ஒன்றையும் லென்ஸையும் கொடுத்து, மகன் முகம்தானா என்று கேட்டீர்கள்.

"ஹெல்மெட்டு, கண்ணாடி, வாய மூடிக்கினு மாஸ்க்கு. இதுல மூஞ்சியே இல்லியே சார்" என்று அழுதாள்.

பெற்றவளுக்கே தெரியவில்லை. மாஸ்க் போட்டுவிட்டால் முகம் இல்லாமல் போய்விடுமா? மூன்று பேரைக் கொன்றவன் பீட்டர். நான் ஒரு பிள்ளையைக் காப்பாற்றினேன், அவ்வளவுதான்.