லயத்துக்குப் போகிற கார்

— இன்னும் எத்தனை தடவை ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பீங்க? நீங்க எட்டிப் பாக்கலன்னா, ஓட்டிப் பாக்கக் கொடுத்த கார் ரெண்டும் ஓடிப் போயிடாது.

— ஒண்ணுதான் நிக்குது சந்திரா. நேத்து தோட்டத்துலேர்ந்து இழுத்துட்டு வந்த கோர்மனைக் காலையிலயே பட்டறைக்குத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. ரேடியேட்டர் ஓட்டை.

— நல்லதாப் போச்சு. நிக்கிறது ஒண்ணுதான்னா யோசிக்க என்ன இருக்கு? தம்புசாமி வந்ததும் டன்வெல்லையே எடுத்துக்கிறேன்னு சொல்லிடுங்க. இப்ப உக்காந்து காப்பியைக் குடிங்க, ஆடை கட்டிப் போச்சு.

— மழை விட்டதும் வர்றேன்னான். இன்னும் காணோம்.

— வருவான். காரு விக்கிறவன் வராம எங்க போவான்? கும்பகோணத்துல நீங்க ஜட்காவுல போயி ஊசி போட்ட டாக்டர். யாரும் அதை ஒரு குறையாச் சொன்னதில்ல. மலாயாவுக்கு வந்து கிள்ளான்ல குடியேறின நாள்லேர்ந்து இந்த வீட்ல காரைத் தவிர வேற பேச்சே இல்ல. நேத்து தூக்கத்துல கியரு போட்டீங்க. என் காலை உதைச்சு.

— ஊர்ல ஜட்கா எட்டுற தூரம்தான் என் வைத்தியம். இங்க அப்படியா? டவுனைத் தாண்டினா செம்மண் ரோடு. மழை பெஞ்சா சேறு. ரெண்டு பக்கமும் ரப்பர் மரம், கூப்பிட்டா ஏன்னு கேக்க ஆள் கிடையாது. கார் நின்னா நின்னதுதான். வேலை கொடுக்குறப்பவே தோட்டத்துத் தொரை என்ன சொன்னாரு தெரியுமில்ல? குறிச்ச நாள்ல தவறாம, கூலி ஆளுங்க குடியிருக்குற லயத்துக்கு வந்து அவங்களைப் பாக்குற டாக்டர்தான் வேணும், வண்டி ரிப்பேருன்னு காரணம் சொல்ற டாக்டர் வேண்டாம்னாரு.

— அதுக்காகத்தான் ஊர் பூராவும் விசாரிச்சீங்க.

— விசாரிக்காம? புது ஊரு, புது ரோடு. நமக்கு என்ன தெரியும் இங்க?

— விசாரிச்சுத் தெரிஞ்சது என்ன? பிரிக்ஃபீல்ட்ஸ்ல போயி ஜெயராஜ் அண்ணனைக் கேட்டீங்க. அவரு ரயில்வேக்காரரு. காரே வேண்டாம், ரயிலு எதுக்கு இருக்குன்னாரு. தோட்டத்து லயம் வாசல் வரைக்கும் தண்டவாளம் போட்டிருக்காங்கன்னு நினைச்சுட்டாரு போல. பழனியப்ப செட்டியாரைக் கேட்டீங்க. எதை வாங்கினாலும் நாளைக்கு விக்கிறப்ப கையைக் கடிக்காம இருக்கணும்னாரு. வாங்குறதுக்கு முன்னாடியே விக்கிறதைப் பத்திப் பேசிட்டாருன்னு நீங்க அன்னைக்குச் சோறே இறங்காமப் படுத்துக்கிட்டீங்க.

— அதனாலதான் கடைசியில யாரையும் கேக்கல. கண்ணால பாத்து முடிவு பண்ணேன். இந்த வட்டாரத்துல தொரைமாருங்க எதுல போறாங்கன்னு பாத்தேன். அத்தனை பேரும் டன்வெல். கறுப்பு டன்வெல். வருஷக்கணக்கா இதே சேத்துல ஓட்டுறவங்க. அவங்களுக்குத் தெரியாத எது எனக்குத் தெரியப் போவுது?

— நியாயம்தான். முடிவு பண்ணியாச்சு, காரும் வாசல்ல நிக்குது. அப்புறம் எதுக்கு இந்த நடை?

— நடை காருக்காக இல்ல.

— அது எனக்கும் தெரியும். நேத்து தோட்டத்துலேர்ந்து வந்ததுலேர்ந்து முகத்தைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கேட்டா ஒண்ணுமில்லங்குறீங்க. உக்காருங்க. உக்காந்து சொல்லுங்க.

— வீரம்மான்னு ஒரு பொண்ணு.

— ம்.

— பால் மரம் வெட்டுறவ, ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்குற வேலை. மாசம் எட்டு. முந்தாநாள் வியாழக்கிழமை அந்தக் கோர்மனை ஓட்டிப் பாக்கலாம்னு எடுத்துக்கிட்டுப் போனேனே, அன்னைக்குப் பாத்தேன். காலு ரெண்டும் தூண் மாதிரி வீங்கியிருக்கு. விரலை வச்சு அழுத்தினா குழி அப்படியே நிக்குது. மண்டையை இடிக்குதுங்கிறா. கண்ணு மங்கலாத் தெரியுதுங்கிறா.

— கைகால் வீங்குறது எல்லாருக்கும் வர்றதுதானே?

— வீக்கம் மட்டும்னா பரவாயில்ல. இது மூணும் சேர்ந்து வந்தா எந்த நேரத்துலயும் வலிப்பு வரும் சந்திரா. வந்துட்டா தாயும் இல்ல, பிள்ளையும் இல்ல. நடக்கவே கூடாது, நிழலாப் பாத்துப் படுத்தே கிடக்கணும். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருப்பேன். அந்தப் பாழாப்போன கோர்மன் லயத்து முன்னாலயே கொதிச்சுப் போயி நின்னுடுச்சு. என்னையே மாட்டு வண்டியில ஏத்தித்தான் ரோட்டுல கொண்டாந்து விட்டாங்க. அந்தக் குலுக்கல்ல அவளை ஏத்த எனக்குத் தைரியம் வரல. ஒரு ராத்திரி பொறுத்துக்கோ, பாயை விட்டு எழுந்திரிக்காதே, நாளைக்கு நல்ல காரா எடுத்துக்கிட்டு வந்து நானே கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்.

— அவ என்ன சொன்னா?

— என் கையைப் பிடிச்சுக்கிட்டா. வந்துருவீங்களா சாமின்னு கேட்டா.

— போனீங்கள்ல?

— போனேன். விடிஞ்சு கொஞ்ச நேரத்துலயே டன்வெல்லை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். மழை ஊத்துது. வழியில ஒரு லோரி சேத்துல புதைஞ்சு நிக்குது, டன்வெல் அதைச் சுத்திக்கிட்டுப் போகுது. ஒரு திணறல் இல்ல. போயிப் பாத்தா பாய் விரிச்சபடி கிடக்கு. ஆளு இல்ல.

— எங்க போயிருந்தா?

— ஆளுங்களை வேலை வாங்குற கங்காணியைக் கேட்டா, வேலைக்குப் போயிட்டா, நல்லாத்தான் இருக்காங்கிறான். மூஞ்சியைப் பாத்துப் பேச மாட்டேங்கிறான். எந்தப் பக்கம்னு கேட்டா பொத்தாம் பொதுவாக் கையைக் காட்டுறான். அவன் கை காட்டின பக்கம் நாலாயிரம் மரம் இருக்கு.

— பக்கத்து வீட்ல யாரையாவது கேட்டிருக்கலாமே.

— பக்கத்து வீட்ல ஆள் இருந்தாத்தானே? யாருமே இல்ல. திங்கட்கிழமை மொத மொத டன்வெல்ல போனேன், அன்னைக்கும் இப்படித்தான். லயம் துடைச்சு விட்ட மாதிரி இருந்துது. அடுப்பு புகையுது, கொடியில ஈரத்துணி சொட்டுது, மனுஷ முகம் கிடையாது. நல்ல ஆரோக்கியமான தோட்டம்னு நானும் சந்தோஷமாத் திரும்பி வந்தேன். வியாழக்கிழமை போனா வாசல்ல வரிசை. காய்ச்சல், வயித்துப்போக்கு, காலெல்லாம் புண்ணு. சாயங்காலம் வரைக்கும் முடியல. நேத்து மறுபடியும் ஒருத்தரும் இல்ல. ஒரே ராத்திரியில அத்தனை காய்ச்சலும் எங்க போகும்?

— நான் ராசி பாக்குறவளா இருந்தா ஒண்ணு சொல்லுவேன். டன்வெல்ல போனா ஊரே எழுந்து உக்காந்துக்குது. கோர்மன்ல போனா ஊரே படுத்துக்குது.

— விளையாடாதே சந்திரா.

— விளையாடல. எனக்கு ஒண்ணு புரியல. கையைப் பிடிச்சுக்கிட்டு வந்துருவீங்களான்னு கேட்டவ, நீங்க வர்ற நேரத்துல எதுக்கு எழுந்து வேலைக்குப் போகணும்?

— சொன்னா கேக்காத சனங்க. கூலி போயிடும்னு போயிருப்பா. அவ்வளவு தெளிவாச் சொன்னேன், உயிரே போயிடும்னுகூடச் சொன்னேன். வேற எப்படிச் சொல்றது?

— உங்களுக்கு அவ மேல கோபம் மாதிரி தெரியல. பயம் மாதிரி இருக்கு.

— ரெண்டும்தான்.

— அப்ப இன்னைக்கும் போகலாமே. எதுக்கு இங்க நடந்துக்கிட்டிருக்கீங்க?

— போகத்தான் போறேன். அதுக்கு முன்னாடி இந்தத் தம்புசாமிகிட்ட சரின்னு சொல்லணும். கார் இன்னும் கம்பெனி பேர்லதான் இருக்கு. அவன் வர்றதுக்குள்ள எடுத்துக்கிட்டுப் போனா நல்லா இருக்காது.

— இதோ, பேரைச் சொன்னதும் சைக்கிள் மணி கேக்குது. காரு விக்கிறவன் சைக்கிள்ல வர்றான் பாருங்க.

— டாக்டர். அம்மா, கும்பிடுறேன். காலெல்லாம் சேறு, நான் வாசல்லயே நின்னுக்கிறேன்லா.

— பரவாயில்ல, உள்ள வா தம்புசாமி. காப்பி சாப்பிடுறியா?

— வேண்டாம்மா, வர்ற வழியில பாசார் காப்பிக் கடையில குடிச்சிட்டுத்தான் வந்தேன். டாக்டர், கோர்மனைக் கழட்டிப் போட்டிருக்காங்க. திங்கட்கிழமை வரைக்கும் ஆகும்னு பட்டறையில சொல்லிட்டாங்க. எங்க முதலாளி தௌக்கே உங்க முடிவைக் கேட்டுக்கிட்டு வரச் சொன்னாரு. நான் சொல்றேன், இதுல முடிவு பண்ண என்னா இருக்கு? டன்வெல் டன்வெல்தான்.

— நானும் அதைத்தான் சொல்லப் போறேன். நேத்து அந்த மழையில என்னைக் கொண்டு போயிச் சேத்துடுச்சு. நல்ல வண்டி.

— வண்டி நல்ல வண்டிங்கிறது எல்லாருக்கும் தெரியும். அதுல இன்னொரு விசேஷம் இருக்கு, உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நீங்க ஊருக்குப் புதுசு.

— என்ன விசேஷம்?

— மரியாதை, டாக்டர். நான் தோட்டத்துல பொறந்து வளந்தவன். எங்கம்மா பால் மரம் வெட்டினவங்க. டன்வெல் எஞ்சினு சத்தம் தனிச் சத்தம், அரை மைலுக்கு அந்தண்டையே தெரிஞ்சுடும். அந்தச் சத்தம் கேட்டா லயத்துல ஒரு ஈ காக்கா இருக்காது. பெரிய பெரிய ஆளெல்லாம் எழுந்து ஓடுவான். வேற எந்தக் காருக்கு அந்த மரியாதை?

— எதுக்கு ஓடணும்?

— என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? தொரை சுத்திப் பாக்க வர்றாருன்னு அர்த்தம். வேலை நேரத்துல லயத்துல எவனாவது படுத்திருந்தா அவருக்குப் பிடிக்காது. காய்ச்சலா இருக்கட்டும், எதா இருக்கட்டும், பிரம்பால பாயைத் தட்டி எழுப்பிடுவாரு. வேலைக்குப் போக மாட்டேன்னா பேரை வெட்டச் சொல்லிட்டுப் போயிடுவாரு. பேரை வெட்டிட்டா அப்புறம் வீடு ஏது, அரிசி ஏது? அதனால சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியா இறங்கிக் காட்டுக்குள்ள பூந்துடுவாங்க. தங்கச்சி பொறந்து நாலஞ்சு நாள்தான் இருக்கும், அவளை மாருல அணைச்சுக்கிட்டு எங்கம்மா ஓடுனது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

— பிள்ளை பெத்த உடம்போடவா?

— எல்லாரும்தாம்மா. எந்தத் தோட்டத்துலயும் அப்படித்தான். ஆனா கோர்மனைப் பாத்தா ஒருத்தன்கூட அசைய மாட்டான். அதுல லயத்துக்கு வர்றது யாரு? துணி விக்கிறவன், தாம்பாளம் விக்கிறவன். பிள்ளைங்க எல்லாம் வண்டி பின்னாடியே ஓடி வரும். ஒரு டாக்டரு அதுல போயி இறங்கினா என்னா கௌரவம்? அதுக்குத்தான் சொல்றேன்... டாக்டர்? என்னா டாக்டர், நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா?

— இல்ல தம்புசாமி. நீ ஒண்ணும் தப்பாச் சொல்லல.

— ஏங்க. அந்தப் பொண்ணு வேலைக்குப் போகலைங்க.

— ம்.

— கங்காணி எதுக்கு அப்படிச் சொன்னான்? நீங்க டாக்டர்னு அவனுக்குத் தெரியுமே.

— தொரை கொடுத்த வேலை, தொரை மாதிரியே காரு. எவ எவ வேலைக்குப் போகாமப் படுத்திருக்கான்னு நான் எண்ணிக்கிட்டுப் போயிச் சொல்லிடுவேன்னு நினைச்சிருப்பான். அவளைக் காப்பாத்துறதா நினைச்சுக்கிட்டுத்தான் சொல்லியிருக்கான். தம்புசாமி, கோர்மனை இப்ப எந்த வழியிலயாவது ஓட வைக்க முடியுமா?

— எஞ்சினே தரையில கிடக்கு டாக்டர். வேற காரு டவுன்ல கேட்டுப் பாக்கலாம், பொழுது சாஞ்சிடும். யாருக்கு என்னா ஆச்சு?

— மாசமா இருக்குற பொண்ணு. அடி எடுத்து வைக்கவே கூடாதுன்னு நான் சொல்லிட்டு வந்த பொண்ணு.

— ஐயோ. நேத்து டன்வெல்லயா போனீங்க?

— டன்வெல்லதான் போனேன். இப்பவும் அதுலதான் போகணும். வேற வழியில்ல. தோட்டத்து எல்லையில ஒரு மாரியம்மன் கோயில் இருக்குல்ல, அங்கருந்து லயம் எவ்வளவு தூரம்?

— அரை மைலுக்கு மேலயே இருக்கும்.

— அப்ப கோயிலுக்கும் நல்லா முன்னாடியே எஞ்சினை நிறுத்திடணும். அங்கருந்து நடந்து போறேன். நீ காரு பக்கத்துலயே இரு. நான் சொல்லி அனுப்பினாலொழியக் கிளப்பாதே. அவ கிடைச்சா காரு வரைக்கும் தூக்கிக்கிட்டு வந்துடலாம்.

— நானும் வர்றேன்.

— சேறு சந்திரா. முழங்கால் வரைக்கும் இருக்கும்.

— இருக்கட்டும். நேத்து பயந்து ஒளிஞ்சிருந்தவ உங்க குரலைக் கேட்டு வெளிய வரமாட்டா. என் குரலைக் கேட்டா வரலாம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே முன்னால நடக்குறேன், நீங்க பின்னால வாங்க. தம்புசாமி, காரு அங்கயே நிக்கட்டும், நீயும் வா, உனக்கு அந்தப் பக்கம் பழக்கம். காட்டுக்குள்ள எங்க போயி ஒளிவாங்கன்னு தெரியுமில்ல?

— தெரியும்மா. ஆத்துப் பக்கம் பள்ளம் ஒண்ணு இருக்கு. சத்தம் ஓயுற வரைக்கும் அதுலதான் உக்காந்திருப்போம். காரு திரும்பிப் போற சத்தம் கேட்டாத்தான் எழுந்து வருவோம். வாங்க டாக்டர், நானே ஓட்டுறேன். நேத்து நீங்க போயி ரொம்ப நேரம் நிக்கலதானே? சட்டுனு திரும்பியிருந்தா அவளும் அப்பவே வந்து படுத்திருப்பா. ஒண்ணும் ஆகியிருக்காது.

— நிக்காம எப்படி வருவேன்? அவளைக் காணலன்னதும், எங்க இருந்தாலும் டாக்டரு வந்திருக்கேன்னு தெரியட்டும்னு, மத்தியானம் வரைக்கும் லயத்தைச் சுத்திச் சுத்தி ஹார்ன் அடிச்சுக்கிட்டே ஓட்டினேன், தம்புசாமி.