விருந்துக்கு ஓர் ஏழை தேவை

அசம்ப்டா: வரவேண்டாம்னு சொன்னியா? என் கூடப்பிறந்த அக்காவையா?

மலாக்கி: மரியாதையாத்தான் சொன்னேன்.

அசம்ப்டா: நாளைக்கு நம்ம பொண்ணு கோயில்ல முதல் தடவையா நற்கருணை வாங்கற புதுநன்மை விழா. அடுப்புல பன்றித்தொடை வேகுது. இப்பப் போய்… ஏன்?

மலாக்கி: இயேசு சொல்லியிருக்கார். விருந்து வெச்சா சொந்தக்காரங்களைக் கூப்பிடாதே, பணக்காரங்களைக் கூப்பிடாதேன்னு. அவங்க நம்மளைத் திருப்பிக் கூப்பிட்டுடுவாங்களாம். அதோட சரியாப் போயிடுமாம்.

அசம்ப்டா: எங்க அக்கா அட்ராக்டா என்னைக்கு நம்மளைத் திருப்பிக் கூப்பிட்டா?

மலாக்கி: …அதை நான் யோசிக்கல.

அசம்ப்டா: விடு, விடு. அவ வராம இருந்தா… வேதத்துல நல்ல விஷயமும் இருக்கத்தான் செய்யுது. வேற யாரை நிறுத்தினே?

மலாக்கி: உன் தம்பிங்க. என் தம்பிங்க. ஃபாதர் டொனலன்.

அசம்ப்டா: சாமியாரையா!

மலாக்கி: அவர் வீட்டு வாசல்ல ரெண்டு கார் நிக்குதே.

அசம்ப்டா: என்ன சொன்னார்?

மலாக்கி: "அதெல்லாம் தியானிக்கறதுக்குப்பா, சாப்பாட்டு மேசைக்குக் கொண்டு வரக்கூடாது"ன்னார். அப்புறம், பன்றித்தொடை தேன் தடவினதா, சும்மாவான்னு கேட்டார்.

அசம்ப்டா: பொறந்ததுலேருந்து கத்தோலிக்கன் நீ. கல்யாணத்துக்கு வந்த பைபிளை டிவிக்கு முட்டுக் கொடுத்து வெச்சிருக்கோம். திடீர்னு உனக்கு என்ன…

மலாக்கி: படிச்சேன். அவ்வளவுதான். பூசையில வாசிக்கும்போது கேட்டா ஒண்ணும் ஆகறதில்ல. தனியா உக்காந்து படிச்சா… என் சட்டையைப் பிடிச்சுப் பேசற மாதிரி இருக்கு.

அசம்ப்டா: எல்லாரும்தான் கேக்கறாங்க. கேட்டுட்டு வெளிய வந்து மழை வருமான்னு பேசறாங்க. நீயும் பேசேன்! சரி, யாரைத்தான் கூப்பிட்டே?

மலாக்கி: அவர் சொன்ன வரிசைப்படி. ஏழைங்க, நடக்க முடியாதவங்க, கண்ணு தெரியாதவங்க.

அசம்ப்டா: இந்த ஊர்லயா? யாரு?

மலாக்கி: நடக்க முடியாதவங்கன்னா… பக்கத்து வீட்டு கோர்மக்.

கோர்மக்: கொல்லைக் கதவு திறந்திருந்தது, வந்துட்டேன். அசம்ப்டா, உன் புருஷனைக் கேளும்மா. நான் நொண்டியா?

அசம்ப்டா: கோர்மக்! உக்காருங்க…

கோர்மக்: உக்கார மாட்டேன்! நின்னுக்கிட்டேதான் பேசுவேன், நல்லாப் பாரு! புது முழங்கால் வெச்சு ஒரு வருஷம் ஆச்சு. போன வாரம் வெஸ்ட்போர்ட் டவுன் வரைக்கும் சைக்கிள்ல போனேன். இவன் வேலிக்கு மேல எட்டிப் பார்த்து, "நடக்க முடியாதவங்களுக்கு விருந்து, நீங்க அவசியம் வரணும்"ங்கறான்!

மலாக்கி: பாசமாத்தான்…

கோர்மக்: பேசாதே. ஹெகார்ட்டி அம்மாவுக்குக் கண்புரை எடுத்தாங்களே, அவங்ககிட்ட "கண்ணு தெரியாதவங்க வரிசையில நீங்க"ன்னானாம். "நல்லாத் தெரியுதுப்பா, நீ சவரம் பண்ணல, சட்டையில ஒரு பொத்தான் இல்ல"ன்னாங்களாம்.

அசம்ப்டா: அய்யோ… என் மானமே போச்சு.

கோர்மக்: நாங்க யாரும் வரமாட்டோம். பொண்ணுக்கு என் ஆசீர்வாதம். …வாசனை தெரு வரைக்கும் வருது.

அசம்ப்டா: ரெண்டு துண்டு கட்டித் தரட்டுமா?

கோர்மக்: இப்படிக் கேட்டா யாரு வேண்டாங்கப் போறா? ஓரத்துல கொஞ்சம் கொழுப்போட வெட்டும்மா. …ம், போதும். வரேன்.

அசம்ப்டா: போயிட்டார். ஏழை? ஏழையாவது கிடைச்சானா?

மலாக்கி: ஜார்லத் மேலி. மலையடியில தனியா இருக்காரே. "யாருடா ஏழை?"ன்னு ஒரு மூட்டை உருளைக்கிழங்கைத் தூக்கி என் வண்டியில போட்டுட்டார்.

அசம்ப்டா: தர்மம் பண்ணப் போய் தர்மம் வாங்கிட்டு வந்திருக்கே.

மலாக்கி: கோயில்ல ஊரே ஏழைங்களுக்காக வேண்டிக்குது, அசம்ப்டா. அந்த ஏழை நான்தான்னு ஒத்துக்கத்தான் ஆளில்ல.

அசம்ப்டா: ஆக, நாற்பது பேருக்குச் சாப்பாடு. தோட்டத்துல குழந்தைங்க குதிக்கக் காத்தடிச்ச ரப்பர் கோட்டை. வர்றதுக்கு ஒருத்தரும் இல்ல.

மலாக்கி: ஒருத்தர்… வர்றார்.

அசம்ப்டா: யாரு?

மலாக்கி: ஏழைதான். நிஜமான ஏழை. அவரும் ரொம்ப நாள் ஒத்துக்கல. இப்பத்தான்…

அசம்ப்டா: எந்தத் தெரு?

மலாக்கி: இந்தத் தெருதான்.

அசம்ப்டா: மலாக்கி, என்னைப் பாரு.

மலாக்கி: இந்த வீடுதான். ஈஸ்டர் முடிஞ்சதும் மர ஆலையில ஆளைக் குறைச்சாங்க, என்னையும் சேர்த்து. நான் தினமும் காலையில கிளம்பிப் போறது… வேலைக்கு இல்ல. கோயில்ல கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கேன். பைபிளை விட்டா அங்க படிக்கறதுக்கு வேற ஒண்ணும் கிடையாது.

அசம்ப்டா: தெரியும். பீடத்துக்குப் பூ வைக்கற ப்ரீஜ் முதல் நாளே வந்து சொல்லிட்டா. கல் கட்டடம், குளிருமேன்னுதானே டீக்குப் பதிலா தினமும் பிளாஸ்க்ல சூடா சூப் ஊத்திக் கொடுத்தேன்? இன்னிக்குச் சொல்லுவே, நாளைக்குச் சொல்லுவேன்னு நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்… உன் வாயைத் திறக்க இயேசுவே இறங்கி வந்து என் விருந்தைக் கெடுக்க வேண்டியதாப் போச்சு.