ஒத்தக்காசு

இல்லண்ணா, ஒரு விரலக் காட்டுறாரே, அது ஒரு நிமிஷம்னு அர்த்தம் இல்ல. நீங்க அப்பிடி நெனச்சிட்டுத்தான் இந்த வீடியோ கேமுக்கு இவ்வளவு நேரமா வரிசையில நிக்கிறீங்களா? ஐயோ, மன்னிச்சுக்குங்க. அவர் எங்கப்பா. அந்த விரலுக்கு அர்த்தம் ஒத்தக்காசு. அவரோட பட்டப்பேரே அதுதான்.

காசு போட்டு ஆடுற மெஷின் இருந்த காலத்துல இதே விமான ஆட்டம் உண்டாம். சின்னத் திரை, ஒரு கைப்பிடி, ஒரு பட்டன். ஒரு காசுக்கு மூணு உயிர். நமக்கெல்லாம் மூணும் பொசுக்குன்னு போயிடும். அப்பா ஒரே காசப் போட்டுட்டு மத்தியானம் முழுக்க நிப்பாராம். ஒத்தக்காசுல குடித்தனமே நடத்துறியேடா பாவி, நான் கரண்டு பில்லு கட்ட வேணாமான்னு கடைக்காரர் தலையில அடிச்சுக்குவாராம். கல்யாணத்துக்கே லேட்டாத்தான் வந்தாருன்னு அம்மா இன்னிக்கும் சொல்லிக் காட்டும். மூணாவது உயிரு போகவே மாட்டேன்னுச்சாம்!

இருங்கண்ணா, ஒரு செகண்டு.

ஆங், சொல்லுங்க. என்னது, இந்தப் புது ஆட்டத்துலயும் திறமை வேணுமா? பழசு நம்மளக் கொன்னா தப்பு நம்ம மேல. இது கொல்றதே உயிர விக்கிறதுக்குத்தான். பெரிய விமானம் வரும்போது பாருங்க, தப்பிக்க இண்டு இடுக்கு விடாது. செத்தா பத்துலேருந்து கீழ எண்ணும். அதுக்குள்ள கார்டத் தேய்ச்சா விட்ட எடத்துலயே எழுந்துக்கலாம். கார்டுல காசு இருக்கறவன் சூரன். இது ஆட்டமா? வழிப்பறி.

கோவப்படலண்ணா, என் குரலே இப்பிடித்தான். காலேஜ் பேச்சுப் போட்டியிலயும் இதத்தான் பேசினேன். எதிர்ல ஒருத்தி, ஆசப்படுறவங்க காசு குடுத்து ஜெயிச்சுட்டுப் போகட்டுமே, உனக்கென்ன கொறயுதுன்னு கேட்டா. நார் நாரா கிழிச்சுட்டேன். விலைக்கு வாங்குற வெற்றி வெற்றியே இல்ல, பொய்னேன். ஒரே கைதட்டல். இப்ப அவ எதிர்ல வந்தா மூஞ்சிய எங்க வெச்சுக்குவேனோ.

இருங்க, ஒரு செகண்டு... ம்.

ஆமா, இடது கையாலதான் ஆடுறார். வலது கை அப்பிடியே மடியிலதான் கெடக்கும். பக்கவாதம். பேச்சும் போச்சு. காதும் மந்தம், இந்த மெஷின் சத்தத்துல காதுகிட்ட வந்து கத்தினாத்தான் கேக்கும். அந்தப் பக்கம் பார்வையும் இல்ல. சாப்பாடு வெச்சா தட்டுல இடது பாதியத் தின்னுட்டு, வலது பாதிய அப்பிடியே விட்டுடுவார். தட்டத் திருப்பி வெச்சா, ஓ, இன்னும் இருக்கான்னு அதையும் சாப்பிடுவார்.

பிடிச்சதச் செய்ய விடுங்கன்னு கை காலுக்குப் பயிற்சி குடுக்கற அக்கா சொன்னாங்கன்னுதான் இங்க கூட்டிட்டு வந்தேன். மொத தடவை, உக்காந்து முடிக்கறதுக்குள்ள மூணு உயிரும் போச்சு. அழுதிருந்தாக்கூட பரவால்லண்ணா. கைப்பிடிலேருந்து கைய எடுத்து மடியில வெச்சுக்கிட்டார், அந்தக் கைக்குப் பக்கத்துலயே.

என்ன, இப்ப நல்லா ஆடுறாரா? ஆடுவார், ஆடுவார். வந்ததும் சட்டப் பையிலேருந்து ஒரு காசு எடுத்து என் கையில வைப்பார். இந்த மெஷின்ல காசு போட ஓட்டை ஏது? போட்டுட்டேம்பான்னு சொல்லிடுவேன். கார்டு தேய்க்கிற எடம் வலது பக்கம். பத்து, ஒம்பதுன்னு எண்ணுறதும் திரையில அந்த மூலையிலதான். பேச்சுத்துணைக்குன்னா உங்க பக்கம் வந்து நிக்க மாட்டேனா? ஏன் இங்கயே நின்னு கத்திட்டிருக்கேன்னு நெனச்சீங்க?

அவரப் பொறுத்தவரைக்கும் இன்னும் அந்த மொதல் காசுதான் ஓடிட்டிருக்கு. அதான் உங்ககிட்ட விரலக் காட்டிப் பெருமையடிச்சுக்கறார்.

ஐயோ. சிவப்பு விளக்கு. கார்டுல ஒண்ணுமில்ல. காசு ஏத்துற கவுண்டர் அந்தக் கோடியிலல்ல இருக்கு, எட்டு, ஏழு, அண்ணா உங்க கார்டு, ஒரே ஒரு தடவை, அவர் முதுகுப் பக்கமா வாங்க, இங்க, இங்க, தேய்ங்க...

எழுந்துடுச்சு.

உங்களத் தேடித் தலையத் திருப்புறார் பாருங்க. மறுபடியும் விரலக் காட்டுறார். உங்களுக்குத்தான். ஆமாங்கய்யா, ஒத்தக்காசுதான்னு நீங்களே சொல்லிடுங்கண்ணா. கொஞ்சம் சத்தமா.