மச்சான் அடிச்ச பெனால்டி

— இல்ல மச்சான், சத்தியமா நான் வேணுமெண்டு வெளியால அடிக்கேல்ல. நீயாவது நம்பு.

— நான் எப்ப நம்பேல்ல எண்டு சொன்னனான்? முதல்ல இரு, ஜெனிஸ்டன். அந்தக் கதிரையில இல்ல, அது கால் ஆடும்.

— இருக்க நேரமில்ல, றொஷான். பின்னேரம் எங்கட கழகத்தில கூட்டம். நேத்தையான் பெனால்டிக்கு என்னை விசாரிக்கப் போறாங்களாம்.

— ஒரு பெனால்டிக்கு விசாரணையோ?

— எதிர்ப்பக்கம் கோல் காத்தது ஆர்? நீ. நீ ஆர்? நான் கட்டப்போற பொம்பிளையின்ர அண்ணன். இது காணாதே அவங்களுக்கு? மச்சானுக்காண்டிக் கிண்ணத்தை வித்திட்டான் எண்டு கதை கட்டிட்டாங்கள். சந்தையில மீன் வெட்டுற ஆளும் கேக்குது, கூறைச் சீலையோட கிண்ணத்தையும் குடுத்தாச்சோ எண்டு.

— குடுத்தா என்ன, அலுமாரிக்கு மேல வைக்கலாம். இந்தாங்கோ, தேத்தண்ணி.

— அஞ்சலினா, நீர் பகிடி விடாதையும்.

— பகிடி விடாம? காலமைப் பூசையில ஃபாதர் எங்கட கலியாண அறிவித்தலை வாசிக்கிறார், உங்கட பேர் வந்த உடன கோயில் பாதி செருமுது. எனக்கு முன்வரிசை வாங்கில இருந்துகொண்டு எங்க பாக்கிறதெண்டு தெரியேல்ல. அப்பிடி என்னதான் நடந்தது? எந்தப் பக்கத்துக்குக் கத்துறதெண்டு தெரியாமத்தானே நான் மைதானத்துக்கே வரேல்ல.

— கடைசிப் பத்து நிமிசம் வரைக்கும் நாங்கள் ரெண்டு கோல் முன்னுக்கு. எங்கட கப்டன் முனீப் வெடி கொளுத்தவும் ஆள் வைச்சிட்டான். பிறகு என்னெண்டு தெரியாது, எல்லாருக்கும் கால் ஈரச் சாக்கு மாதிரிப் போச்சு. உங்கட பாலையூற்று ஆக்கள் ரெண்டையும் திருப்பிப் போட்டிட்டாங்கள். கடைசி நிமிசத்தில எங்களுக்குப் பெனால்டி.

— அதை நீங்களே கேட்டு வாங்கினனீங்கள்?

— நான் கேக்கேல்ல. முனீப்தான் பந்தைக் கொண்டுவந்து தந்தவன். மாப்பிள்ளை நீயே அடி, இது எங்கட பரிசு எண்டு. நான் அடிச்சன், பந்து றோட்டில நிண்ட ஓட்டோவுக்கும் மேலால போச்சு. உங்கட ஆக்கள் அடுத்த பந்தைக் கொண்டு ஓடி மூண்டாவதையும் போட்டாங்கள். விசில்.

— அதை விடு, ஜெனிஸ்டன். உலகக் கிண்ணத்திலயே பெரிய பெரிய ஆக்கள் மேலால அடிச்சிருக்கினம்.

— அவைக்கு மச்சான்மார் கோலில நிக்கேல்ல, றொஷான். உனக்கென்ன, உன்ர ஆக்கள் உன்னைத் தோளில தூக்கினவங்கள். என்னை வாட்ஸ்அப் குறூப்பில இருந்தும் தூக்கிட்டாங்கள். நாளைக்குத் துறைமுகத்தில வேலை. என்னோட ஒரு ஷிஃப்டில நிக்கிறதில பாதிப் பேர் எங்கட கழகம். நேத்தில இருந்து முனீப்பைத் தவிர ஒருத்தனும் போன் எடுக்கிறானில்ல.

— கொஞ்ச நாளில மறந்துபோவாங்கள்.

— மறக்கமாட்டாங்கள். தோத்ததெண்டா மறப்பாங்கள். வித்ததெண்டா என்ர பிள்ளையளுக்கும் சொல்லுவாங்கள். அதுதான் உன்னட்ட வந்தனான். முனீப் ஒரு வழி சொன்னவன். நீ வந்து, ரெண்டு பேருக்குள்ளயும் ஒண்டுமில்ல, நேர்மையான விளையாட்டு எண்டு ஒரு சத்தியம் பண்ணினாப் போதுமாம். றொஷான் பொய்ச் சத்தியம் பண்ணமாட்டான் எண்டு எங்கட ஆக்களுக்கும் தெரியும்.

— எனக்கு நாரி நோகுது, குனிஞ்சு நிமிர ஏலாது.

— ஓட்டோவில கூட்டிக்கொண்டு போறன்.

— நான் முனீப்போட போனில கதைக்கிறன்.

— போன் காணாது. எல்லாருக்கும் முன்னால சொல்லவேணும்.

— அண்ணா, போட்டுத்தான் வாங்கோவன். ஒரு வார்த்தைதானே. இவர் முகத்தைப் பாருங்கோ, செத்த வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி.

— பாப்பம்.

— என்னண்ணா பாப்பம்? இன்னும் ரெண்டு ஞாயிறு அறிவித்தல் வாசிக்கக் கிடக்கு. ஒவ்வொரு ஞாயிறும் நான் இந்தச் செருமலைக் கேக்கவோ?

— நீர் பொறும், அஞ்சலினா. மச்சான், நான் உள்ளதை அப்பிடியே சொல்லுறன், கேள். நான் ஓடி வந்தன். பந்துக்குக் கிட்ட வரேக்க நீ ஒரு பக்கமா விழுந்திட்டாய். பாத்தா முழுக் கோலும் காலி. பூட்டின கதவெண்டு தோளால தள்ளப் போறம், கதவு திறந்து கிடந்தா என்ன நடக்கும்? விழுவமெல்லோ. அப்பிடித்தான். வெறும் கோலைக் கண்ட உடன எனக்குப் பயம் பிடிச்சிட்டுது.

— இதை உங்கட கழகத்து ஆக்களிட்டச் சொன்னனீங்களோ?

— சொன்னா நம்புவாங்களே? வெறும் கோலுக்கு அடிக்கத் தெரியாதவனெண்டு எவன் தானே சொல்லுவான்?

— இல்ல, எனக்கு ஒண்டு விளங்கேல்ல. அண்ணா, பந்தில கால் படும் மட்டும் நீங்கள் அசையமாட்டீங்களே. எத்தினை வருசமா உங்களைப் பாக்கிறன். நேத்து ஏன் முதலே விழுந்தனீங்கள்?

— தேத்தண்ணிக்குச் சீனி காணாது.

— அண்ணா.

— மச்சான், அவள் கேக்கிறதுக்குப் பதில் சொல்லன். என்ன, கால் சறுக்கினதோ?

— சறுக்கேல்ல. நீ விக்கேல்ல எண்டு எங்க வேணுமெண்டாலும் வந்து சத்தியம் பண்ணுவன், ஜெனிஸ்டன். ஆனா நேர்மையான விளையாட்டெண்டு சொல்ல ஏலாது, கிண்ணத்தை உனக்கு விட்டுத்தரப் பாத்தவன் நான்.